எதிரிக்கு எழுதிய பதினொரு நாட்கள்

கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். பதினான்கு பேர் வேலை செய்தோம். தூரத்தில் ஒரு குளிர்நாட்டு நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வழங்கும் நிறுவனம், தன் ஊழியர்களின் கணினிச் சிக்கல்களைப் பார்க்கும் பொறுப்பை எங்களிடம் விட்டிருந்தது. அங்கே ஒருவருக்குக் கணினி திறக்கவில்லை என்றால் அவர் எழுதும் செய்தி எங்கள் திரையில் வந்து விழும். ஆள் யாரென்று விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டு உள்ளே போக வழி செய்து கொடுப்போம். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் எங்களுக்கு மத்தியானம். வீட்டில் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மானிப்பாயில் பஸ் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. யாராவது தன் தொலைபேசி இலக்கத்தை மாற்றித்தரச் சொல்லிக் கேட்டால் ஒருவர் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. ஒருவர் விசாரிக்க வேண்டும், இன்னொருவர் தன் திரையில் சம்மதம் கொடுக்க வேண்டும். உள்ளே நுழைவதற்கான இரகசிய இலக்கம் அந்தத் தொலைபேசிக்குத்தான் போகும். அதை மாற்றுவது வீட்டுப் பூட்டின் திறப்பைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் குருநகரிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். சாப்பாட்டுப் பெட்டியை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்குள் நெருக்கம். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி என்று தெரிந்து, அன்றைக்கு மட்டும் தன் மீன்கறிப் பெட்டியை மற்றப் பக்கம் திரும்பி இருந்து திறப்பாள். என் பெரும்பாலான விசாரிப்புகளுக்கு அவள்தான் சம்மதம் கொடுப்பாள், அவளுடையதற்கு நான் கொடுப்பேன்.

ஒரு நாள் அந்த நாட்டிலிருந்து ஒரு பெண் எழுதினாள். நீரேற்று நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாளாம். ஃபோனைத் தண்ணீருக்குள் விழுத்திவிட்டாளாம், புது இலக்கத்தைப் பதிந்து தர வேண்டுமாம். ஊழியர் இலக்கம் கேட்டேன், சரியாகச் சொன்னாள். பிறந்த திகதி, வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, மேலதிகாரியின் பெயர் எல்லாம் சரி. மேலதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது கடைசிப் படி. அவர் விடுமுறையில் நிற்கிறார், இங்கே தண்ணீர் ஏற்றும் பம்பி ஒன்றின் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து கொஞ்சம் கெதியாகச் செய்துவிடுங்கள் என்று எழுதினாள். நான் பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பி, "அதை அமத்திவிடு பிள்ளை, ஆள் சரியான ஆள்தான்" என்றேன். அவள் தன் திரையைப் பார்த்தபடியே "ஓம் அக்கா" என்று சம்மதப் பொத்தானை அமத்திவிட்டாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் அடிக்கடி வந்தாள். ஏதோ ஒரு கோப்புத் திறக்கவில்லை, ஏதோ ஒரு பக்கம் தெரியவில்லை என்று சின்னச் சின்ன விசயங்கள். வேலை முடிந்ததும் இரண்டு வரி கூடுதலாக எழுதுவாள். இன்றைக்குப் பனி கொட்டுகிறது, அங்கே எப்படி என்பாள். நான் வெயிலைப் பற்றி எழுதுவேன். மற்றவர்கள் வேலை முடிந்ததும் நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுவார்கள். இவள் மட்டும் நான் ஒரு மனுசி என்று நினைத்துக் கதைக்கிறாள் என்று எனக்குச் சந்தோசம். என் அம்மாவின் கண்ணில் வெண்புரை எடுக்கப் போவதைச் சொன்னேன். தனக்கு முழங்கால் வலி என்றாள். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போய்க் கதிரையில் இருக்கும் முன்பே மனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பகலிலேயே யன்னல் சீலை இழுத்து மூடியிருந்தது. உள்ளே கொழும்பிலிருந்து வந்த பெண் ஒருவர் இருந்தார். கணினி ஊடுருவல்களை விசாரிப்பவர் என்று மனேஜர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், தலைக்கு மேலால் முக்காடு போட்டிருந்தார்.

"இருங்க. பயப்படாதீங்க. உங்களப் பிடிச்சிட்டுப் போக வரல்ல" என்றார் அவர். பிறகு என் திரையிலிருந்து எடுத்த உரையாடல்களை அச்சடித்த கட்டொன்றை என் முன்னால் வைத்தார். அம்மாவின் கண், வெயில், முழங்கால் வலி எல்லாம் அதில் இருந்தன.

"இந்தப் பொம்பிள உங்களோட கதைக்கத் தொடங்கி மூணு மாசம். ஆனா, உண்மையான ஆள் ஆறு மாசமா வேலைக்கே வரல்ல. பிரசவ லீவுல இருக்கிறா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப நான் கதைச்சது ஆரோடை?" என்று கேட்டேன்.

அந்தக் குளிர்நாட்டுக்கும் அதன் அயல்நாடு ஒன்றுக்கும் நெடுநாளாகப் பகை. செய்தியில் பார்த்திருக்கிறேன். அந்த அயல்நாட்டுக்காக வேலை செய்யும் ஆட்கள்தான் இவர்கள் என்று அந்த நாட்டு அதிகாரிகள் நம்புவதாக அவர் சொன்னார். நான் கள்ளர் என்று நினைத்து, எவ்வளவு கேட்பார்கள் என்றேன்.

"காசு கேக்கிறவங்களா இருந்தா எவ்வளவோ லேசு" என்றார். "இவங்க ஒண்டும் கேக்க மாட்டாங்க. உள்ள வந்து சத்தமில்லாம இருப்பாங்க. எந்தப் பம்பி எந்த ஏரியாவுக்குத் தண்ணி குடுக்குது, எந்த வால்வ மூடினா எது நிக்கும், யாரு எப்ப லீவு, எல்லாத்தையும் பாத்து எழுதி வெச்சிக்குவாங்க. ஒரு நாளைக்கு அவங்கட மேல் இடத்துல இருந்து சொல்லுவாங்க, இப்ப செய் எண்டு. அண்டைக்குச் செய்வாங்க. அந்த நாள் வராமலேயும் போகலாம். ஆனா கை உள்ளதான் இருக்கும்."

அப்படியானால் இப்போதே கதவை மூடிவிடுங்கள் என்றேன். அதுதான் முடியாது என்றார். மூன்று மாதத்தில் அவர்கள் உள்ளுக்குள் வேறு வழிகளும் வெட்டி வைத்திருப்பார்கள். ஒன்றை மூடினால் மற்றதால் வருவார்கள், அல்லது போகிற போக்கில் எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் போவார்கள். எல்லா வழிகளையும் கண்டுபிடித்து, ஒரே நேரத்தில் மூட வேண்டும். அதுவரை அவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது.

"அதனால நீங்க வழமை போல கதைச்சிட்டு இருக்கணும்" என்றார்.

என்னால் ஏலாது என்றேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். மனேஜர்தான் மறுமொழி சொன்னார். "பிள்ளை, இண்டைக்கு நீங்கள் விட்டுட்டுப் போனால், உள்ளுக்கிருந்து கதவு திறந்தது நீங்கள்தான் எண்டு நினைப்பினம். நான் நினைக்கமாட்டன். ஆனால் அவையள் நினைப்பினம்."

ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த விசயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, கணவரிடமும் கூடாது. அலுவலகத்துக்குள் நுழையும்போது ஃபோனைக் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பும்போது கொழும்பிலிருந்து வந்தவர் கேட்டார்.

"அண்டைக்கு அந்த இலக்கம் மாத்தினதுக்குச் சம்மதம் குடுத்தது பக்கத்துல இருக்கிற பிள்ளதானே? அவவாப் பாத்துக் குடுத்தாவா, நீங்க சொன்னதால குடுத்தாவா?"

"ஞாபகம் இல்லை" என்று சொன்னேன்.

நல்ல ஞாபகம் இருந்தது. அவள் அன்றைக்கு மஞ்சள் சட்டை போட்டிருந்ததுகூட ஞாபகம் இருந்தது. பயம் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அந்தப் பெண் எழுதினாள். அவளைப் பெண் என்று சொல்வதா என்றுகூட இப்போது தெரியவில்லை. என்னோடு, கொழும்பிலிருந்து வந்த அந்த விசாரணை அம்மா உள்ளறையிலிருந்து இணைந்திருந்தார். என்ன எழுத வேண்டும் என்று அவர் அனுப்புவார், நான் அதைப் பார்த்துத் தட்டுவேன். இரண்டு நாள் அப்படிச் செய்தோம். புதன்கிழமை மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. *உங்களுக்கு ஏதும் சுகமில்லையா? இன்றைக்கு அலுவலகக் கடிதம் மாதிரி எழுதுகிறீர்கள்.*

விசாரணை அம்மா உடனே என்னை உள்ளே கூப்பிட்டார். "இனி நான் சொல்ல மாட்டேன். நீங்களே எழுதுங்க. நீங்க நீங்களா இருக்கணும். இல்லாட்டி அவங்க போயிடுவாங்க."

இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. பொய் சொல்வது கடினம் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்லி நடிப்பது அதைவிடக் கடினம். தலையிடி என்று எழுதினேன், உண்மையில் தலையிடித்தது. நித்திரை வரவில்லை என்று எழுதினேன், அதுவும் உண்மை. *இஞ்சி போட்டு ஏதும் குடியுங்கள், உங்கள் ஊரில் அதுதானே மருந்து* என்று மறுமொழி வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் எனக்குத் தலையிடி என்று சொல்ல முடியவில்லை. அவளும் கவனிக்கப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் எதைத் தட்டினாலும் உள்ளறையில் பதிவாகிறது. அவளோடு வழமையாகக் கதைத்தால் அவளுக்கு நான் துரோகம் செய்கிறேன், கதைக்காமல் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, என்னோட கோவமோ?" என்று கேட்டாள் வியாழக்கிழமை.

"இல்லைப் பிள்ளை, வேலை கூட."

"ஒரு வேலையும் காணேல்லையே. உங்கடை குளிர்நாட்டுச் சிநேகிதியோடதானே கதைச்சுக்கொண்டிருக்கிறியள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளறைக் கதவுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அவள் சிரித்த முகம் தெரிந்திருக்காது, சொல் மட்டும் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் போனபோது கதிரை வெறுமையாக இருந்தது. சுகயீன லீவு என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அன்றே அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வான் வண்டி ஒன்றில் குருநகருக்குப் போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவளுடைய ஃபோனையும் மடிக்கணினியையும் எடுத்து வந்தார்கள். வான்களில் ஏற்றிக் கொண்டுபோனவர்கள் திரும்பி வராத காலத்தைக் கண்ட எங்கள் ஊரில், ஒரு வீட்டு வாசலில் தெரியாத வான் ஒன்று வந்து நின்றால் அயல் என்ன நினைக்கும், பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று வெளியாருக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அவளுடைய ஃபோன் ஒரு பொலித்தீன் பைக்குள் மனேஜரின் மேசையில் கிடந்ததைப் பார்த்தேன். அந்தோனியார் படம் ஒட்டிய உறை. திரும்பி வந்து என் கதிரையில் இருந்து, அன்றைக்குப் பனி எப்படி என்று எதிரியிடம் கேட்டேன்.

அந்த நாட்களில் வேறொன்றையும் கவனித்தேன். மூன்று மாத உரையாடலையும் அச்சடித்துத் தந்து, ஏதும் வித்தியாசமாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார் விசாரணை அம்மா. அது ஒரு ஆள் இல்லை. ஒருவர் எப்போதும் வசனத்தின் முடிவில் இரண்டு புள்ளி வைப்பார். ஒருவர் பகிடி விட்டுச் சிரிக்க வைப்பார். மூன்றாவது ஆள் வேலையைத் தவிர ஒன்றும் கதைக்க மாட்டார். முறை மாறி மாறி வேலை செய்கிறார்கள். நானும் முறை வேலை செய்கிறவள், அதனால் எனக்கு உடனே தெரிந்தது. அவர்களுடைய மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் எதுவும் வராது, சாப்பிடப் போகிறார்கள். அம்மாவின் இடது கண் என்று நான் இரண்டு புள்ளிக்காரருக்குத்தான் சொன்னேன். பகிடிக்காரர் அடுத்த கிழமை, *இடது கண்ணுக்கு எப்போது ஒப்பரேசன்?* என்று கேட்டிருக்கிறார். எங்கோ ஒரு அலுவலகத்தில், என்னைப் பற்றி ஒரு கோப்பு இருக்கிறது. அதில் என் அம்மாவின் கண் ஒரு வரி.

"சரியாப் பிடிச்சிட்டீங்க" என்றார் விசாரணை அம்மா. எனக்குப் பெருமைப்பட முடியவில்லை. இரண்டு புள்ளிக்காரர் மீது எனக்கு ஒரு பிரியம் இருந்தது, அது அப்போதும் போகவில்லை. இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் தண்ணீரை நஞ்சாக்கவா பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார். "அது கஷ்டம். கையால சோதிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. ஆனா நஞ்சாக்கத் தேவையும் இல்ல. நஞ்சா இருக்குமோ எண்டு சனம் நினைச்சாலே போதும். பிறகு அரசாங்கம் சொல்றத நம்ப மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரன நம்ப மாட்டாங்க. அதுதான் அவங்களுக்கு வேணும்."

இது எனக்கு விளங்கியது. எங்கள் வலிகாமப் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன்னர் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற பேச்சு வந்தபோது நானும் இருந்தேன். வாளியில் அள்ளிய தண்ணீரை வெயிலில் பிடித்து, நிறம் தெரிகிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். ஒருவர் நல்ல தண்ணி என்பார், இன்னொருவர் எண்ணெய் மணக்கிறது என்பார். தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வரும், சண்டை வரும். எந்தக் கிணறு பழுது, எது இல்லை என்று யார் சொன்னாலும் நம்பவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒன்றும் இல்லை என்று எழுத்தில் தந்த பிறகும் மாதக்கணக்கில் அம்மா அந்தத் தண்ணீரில் உலை வைக்கவில்லை. தொண்டைக்குள் இறங்கும் ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் யோசித்து விழுங்கினோம். அந்தக் குளிர்நாட்டுச் சனத்துக்கு அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள், அதற்கான கதவைத்தான் நான் திறந்துவிட்டிருக்கிறேன்.

வீட்டில் என் கணவர் கவனித்துவிட்டார். அவர் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கிறவர், எதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆள். ஞாயிற்றுக்கிழமை என்னை மோட்டார் சயிக்கிளில் ஏற்றிக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் குளிக்கும் கேணியில் இறங்கித் தலையை அமிழ்த்தியபோதுதான் ஆறு நாளில் முதன்முதலாக யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தோன்றியது. மேலே வர மனம் வரவில்லை. மூச்சு முட்டிய பிறகுதான் வந்தேன்.

வெளியே வந்ததும் கடலோரச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்தபடி அவர் கேட்டார். "உமக்கு அங்கை ஆரோடையும் ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை."

"நித்திரையிலை இங்கிலீசிலை கதைக்கிறீர்."

என்ன கதைத்தேன் என்று கேட்டேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வேறை ஆரும் எண்டால் சொல்லும். நான் கத்தமாட்டன்" என்றார்.

பதினான்கு வருடம் கூட வாழ்ந்த மனுசன் இப்படி நினைக்கிறார் என்பதும், நினைத்துக்கொண்டு என்னைத் தீர்த்தமாட இங்கே கூட்டி வந்திருக்கிறார் என்பதும் சேர்ந்து என்னை உடைத்துவிட்டன. சத்தம் போட்டு அழுதேன். "அப்பிடி ஒண்டும் இல்லை. சொல்லேலாது. சத்தியமாச் சொல்லேலாது" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் ஈரத் துவாயை என் தோளில் போட்டுவிட்டு, "சரி, சொல்ல ஏலுமான நேரம் சொல்லும்" என்றார். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அங்கே தொலைவில் ஒரு நகரத்துக்குச் செய்யப் பார்த்ததை, அவர்கள் ஏற்கனவே எங்கள் வீட்டுக்குச் செய்துவிட்டார்கள் என்று மட்டும் தோன்றியது.

திங்கட்கிழமை போனதும் நேரே உள்ளறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"அண்டைக்கு அமத்தச் சொன்னது நான்தான். அவ விபரத்தைத் திறந்துகூடப் பாக்கேல்லை. நான் சொன்ன படியாலைதான் அமத்தினவ."

விசாரணை அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத செவ்வாய்க்கிழமையே சொல்லி இருந்தா அந்தப் பிள்ளைய நான் வீட்டுக்கு அனுப்பி இருக்க மாட்டேன்" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். "உங்க ரெண்டு பேர்ல ஒராள் அவங்கட ஆளா இருக்கலாம் எண்டுதான் பாத்தோம். நீங்க இல்லையெண்டு முதல்ல தெரிஞ்சிச்சு. மிச்சம் அவதானே."

அவளை இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். முடிந்த பிறகுதான் சொல்லலாம் என்றார். இன்னும் நாலு நாள். நான் மறுபடியும் கதிரைக்குப் போனேன். இரண்டு புள்ளிக்காரர் வந்திருந்தார். *வார இறுதி எப்படிப் போயிற்று..* என்று கேட்டிருந்தார். நல்லாய்ப் போயிற்று, கணவரோடு கடற்கரைக்குப் போனேன் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, பதினோராம் நாள், மூன்று மணிக்கு மூடுவதாக இருந்தது. அவர்களுக்கு நேரத்தோடு மணம் பிடித்துவிட்டதோ என்னவோ, இரண்டே முக்காலுக்கு அந்த நாட்டில் இரண்டு நீரேற்று நிலையங்கள் நின்றுவிட்டன. உள்ளறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். "இப்பவே, இப்பவே" என்று விசாரணை அம்மா ஃபோனில் சொன்னது எனக்குக் கேட்டது. என்னை எழும்ப வேண்டாம், கடைசி வரை கதைத்துக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் திரையில் அவர்களுடைய பெட்டி திறந்தே இருந்தது. மறுமுனையில் யாரோ தட்டிக்கொண்டிருப்பதற்கான அடையாளம் தெரிந்தது, நின்றது, மறுபடி தெரிந்தது. பிறகு அந்தப் பெண்ணின் பெயரிலிருந்த கணக்கே இல்லாமல் போயிற்று. என்ன எழுத வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த நகரத்தின் இரண்டு பகுதிகளில் ஒன்றரை நாள் தண்ணீர் வரவில்லை. ஊழியர்கள் போய்க் கையால் வால்வுகளைத் திருப்பினார்கள். தண்ணீரில் எந்தப் பழுதும் இல்லை என்று அறிவித்தார்கள், ஆனாலும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். அந்த இரண்டாவது வசனத்தைத்தான் சனம் நம்பியது. கடைகளில் போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களைச் செய்தியில் பார்த்தேன். ஒரு கிழவர் இரண்டு கைகளிலும் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து போனார். ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் நோயில் விழவில்லை. அதிர்ஷ்டம் என்றார்கள்.

என் வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள், விசாரணைக்கு உதவியதற்கு நன்றி என்று அதன் கீழேயே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். சில மாதம் கழித்து, உண்மையான அந்தப் பெண் லீவு முடிந்து வீட்டிலிருந்தபடியே வேலைக்குத் திரும்பினாள். காணொளியில் முகம் காட்டித்தான் இப்போது உறுதிப்படுத்த வேண்டும். சிவந்த முகம், களைத்த கண், மடியில் பிள்ளை. நடந்தது ஒன்றும் முழுதாகத் தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள், உங்கள் ஊரில் வெயிலா என்று கேட்டாள். நான் பிறந்த திகதியைச் சொல்லச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. அடையாள அட்டையைக் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். பிள்ளை அழத் தொடங்கியது. இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது என்றேன்.

குருநகருக்கு நான் போனது அதற்கெல்லாம் முன்பு, பதினோராம் நாளுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிகிற நேரம். கதவுகளை மூடிய மறுநாளே மனேஜர் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, பொருட்களைத் திருப்பிக் கொடுத்து, வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய தாய் கதவைத் திறந்தார். ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். தகப்பன் விறாந்தையில் வலை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த வான் வந்து போன பிறகு மூன்று நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. யாரும் திரும்பி வந்தால் வீட்டில் ஆம்பிளை ஒருவர் வேண்டும் என்று வாசலிலேயே இருந்தாராம். இதைத் தாய்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொன்னார்.

அவள் வந்து எனக்கு முன்னால் இருந்தாள். நான் மனப்பாடம் செய்து கொண்டு போனதைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், எனக்குப் பயமாக இருந்தது, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"அக்கா, நீங்கள் அமத்தச் சொன்னது பிழையில்லை" என்றாள். "நானும் எத்தினை தரம் உங்களை அப்பிடிச் சொல்லி அமத்த வச்சிருப்பன். அது ஆருக்கும் நடந்திருக்கும்."

"பிறகென்ன பிள்ளை? திரும்பி வாவன்."

"நான் சுகமில்லாமல் நிக்கிறன் எண்டு உங்களுக்குச் சொன்னவை எல்லோ? நீங்கள் ஒரு போன் எடுத்து எப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்கேல்லை."

"உன்ரை போன் அங்கைதான் கிடந்தது."

"அப்பான்ரை நம்பர் உங்களிட்டை இருக்கு." குரல் உயரவில்லை. "அந்த ஆக்களோட நீங்கள் ஒவ்வொரு நாளும் கதைச்சனியள். தலையிடி எண்டு சொன்னனியள், இஞ்சி குடிக்கச் சொன்னவையாம். மனேஜர் சொன்னவர். பக்கத்திலை இருந்த எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன் என்று மறுபடி சொல்ல வாய் எடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டது வேறு.

தேத்தண்ணி வந்தது. தாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுப்போட்டன் எண்டு சொல்லு பிள்ளை, பூசைக்குப் போட்டு வந்தனியெல்லோ" என்றார்.

"சொல்லுறன் அம்மா. இண்டைக்கு இல்லை" என்றாள் அவள்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவள் வாசல் வரை வந்து, மினிபஸ் எடுக்க எந்த ஒழுங்கையால் போக வேண்டும் என்று கையால் காட்டினாள். அன்று வீட்டுக்குப் போய், கணவரிடம் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி யோசிக்கவில்லை. "ஞாபகம் இல்லை" என்று நான் சொன்ன இடம் வந்தபோது அவர் எழும்பிச் சமையலறைக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "மிச்சத்தைச் சொல்லும்" என்றார்.